இமையில் வரும் கட்டி: எது சாதாரணம், எதில் ஜாக்கிரதை?

(நமது சங்கக் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற கண் மருத்துவரான உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அங்கத்தினர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும் கடைசியில் தரப்பட்டுள்ளன.)

 

போன கூட்டம் முடிந்து காபி சாப்பிட்டுக் கொண்டிருந்தபோது நம் செயலாளர் என்னிடம் வந்தார். “கண்புரை பற்றிக் கேட்டாகி விட்டது. சர்க்கரையும் கண்ணும் பற்றியும் கேட்டாகி விட்டது. நீங்கள் வேறு ஏதாவது சொல்லுங்கோ” என்றார். இமையில் வருகிற கட்டியைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். அவர் சிரித்து விட்டார். “அதற்கு நாமக்கட்டி போதுமே, அரை மணி நேரம் பேச அதில் என்ன இருக்கிறது?” என்றார்.

அவர் சிரித்ததில் தப்பில்லை. நம் எல்லோர் ஆத்திலும் கண்கட்டி வராத குழந்தை கிடையாது. பாட்டி நாமக்கட்டியைக் குழைத்துத் தடவுவாள், நாலு நாளில் போய்விடும். நானும் ஒரு காலத்தில் இமைக்கட்டியை அப்படித்தான் லேசாக நினைத்தேன், அதுவும் கண் டாக்டராக இருந்துகொண்டு. அந்த எண்ணத்தை மாற்றிய இடம் அந்தமானில் இருக்கிற பெரார்கஞ்ச். அதை இன்று உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

பெரார்கஞ்சில் ஒரு முகாம்

அந்தமானுக்குச் சுற்றுலா போய்வந்த அங்கத்தினர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். போர்ட் பிளேரில் இறங்கி (2024-இல் அதன் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றியிருக்கிறார்கள்) செல்லுலர் ஜெயிலைப் பார்த்துவிட்டு, பாராடாங் போவதற்காக விடிவதற்கு முன்பே வண்டி ஏறியிருப்பீர்கள். ஜாரவா பழங்குடியினரின் காட்டுப் பகுதி தொடங்குகிற ஜிர்காடாங்குக்கு முன்னால், அந்தச் சாலையை ஒட்டி இருக்கிற ஊர்தான் பெரார்கஞ்ச். 1920-களில் தீவுகளின் தலைமை ஆணையராக இருந்த பெரார் என்ற ஆங்கிலேயரின் பெயரை வைத்துக்கொண்ட ஊர். சுற்றிலும் பாக்கும் தென்னையும். ஹிந்தி, வங்காளம், மலையாளம், தெலுங்கு எல்லாம் காதில் விழும். நடுவே சுத்தமான ராமநாதபுரம் தமிழும் விழும்.

தொண்ணூறுகளின் நடுவில், சில நண்பர்களோடு சேர்ந்து அங்கே கண் முகாமுக்குப் போனோம். ஒரு பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் மேஜை போட்டு உட்கார்ந்தேன். வந்தவர்களில் பெரும்பாலோர் புரைக்காரர்கள். கையில் ஒரு டார்ச், ஒரு பூதக்கண்ணாடி. வரிசையோ வாசல் தாண்டி நின்றது.

அந்த வரிசையில் ஓர் அம்மாள் வந்தார். அறுபது வயது இருக்கும். பெற்றோர் காலத்தில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து தீவுக்குப் போன குடும்பம். வலது மேல் இமையில் ஒரு பட்டாணி அளவு கட்டி. வலி இல்லை, சிவப்பு இல்லை. “ரெண்டு தடவை கீறி எடுத்தாச்சு டாக்டரய்யா, மறுபடியும் அங்கேயே வருது” என்றார். நான் இமையைத் திருப்பிப் பார்த்தேன். கட்டி இருந்த இடத்தில் மட்டும் இமைமயிர் நாலைந்து இல்லாமல் இருந்தது. என் கண் அதைப் பார்த்தது. புத்திதான் பார்க்கவில்லை. “சாதாரணக் கட்டிதான், வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்” என்று சொல்லி ஒரு களிம்பு எழுதிக் கொடுத்து, அடுத்தவரைக் கூப்பிட்டேன். எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும்.

அடுத்த வருஷம் அதே பள்ளிக்கூடம், அதே தாழ்வாரம். மகன் கையைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மாள் வந்தார். இமை முழுவதும் தடித்து, புண்ணாகி, கண்ணை மூடிவிட்டிருந்தது. காதுக்கு முன்னால் ஒரு நெறிகட்டி உருண்டு நின்றது. எனக்கு நாக்கு உலர்ந்து விட்டது. அவர் கோபப்படவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “போன வருசம் நீங்க பார்த்தீங்களே ஐயா, அப்பவே இது இருந்துச்சா?”

“இருந்ததம்மா” என்றேன். வேறு என்ன சொல்வது?

மெயின்லேண்டுக்கு மூன்று நாள் கப்பல் பயணம். சென்னையில் பயாப்ஸி செய்தார்கள். இமையின் எண்ணெய்ச் சுரப்பியில் வந்த புற்றுநோய், கண்குழி வரைக்கும் போய்விட்டது. உயிரைக் காப்பாற்றக் கண்ணையும் கண்குழியில் உள்ள எல்லாவற்றையும் சேர்த்து எடுக்க வேண்டியதாயிற்று. கழுத்து நெறிகட்டிகளுக்குத் தனியாக சிகிச்சை நடந்தது. அவர் பிழைத்தார், பல வருஷம் இருந்தார். ஆனால் நான் முதல் தடவையே ஒரு சிறு துண்டை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் கண்ணோடு இருந்திருப்பார் என்பது எனக்குத் தெரியும்.

இதற்குப் பிறகு நான் எங்கே பேசினாலும் இமைக்கட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்குவதில்லை.

இமைக்குள் என்ன இருக்கிறது?

நம் உடம்பில் மிக மெல்லிய தோல் இமையின் தோல். அதற்குள் அட்டை போன்ற ஒரு தகடு இருக்கிறது. அந்தத் தகட்டுக்குள் நெட்டுக்குத்தாக, புல்லாங்குழல்களை வரிசையாக நிறுத்தி வைத்தாற்போல எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. மேல் இமையில் சுமார் 30 முதல் 40, கீழ் இமையில் 20 முதல் 30. மைபோம் என்ற ஜெர்மன் வைத்தியர் 1666-இல் இவற்றை விவரித்து எழுதியதால் மைபோமியன் சுரப்பிகள் என்று பெயர். நாம் ஒவ்வொரு தடவை கண் சிமிட்டும்போதும் இவை துளி எண்ணெயைக் கண்ணீரின் மேல் பரப்புகின்றன. அது இல்லாவிட்டால் கண்ணீர் உடனே உலர்ந்துபோகும், கண் கரகரக்கும்.

இமைமயிரின் வேரிலும் சின்னச் சின்ன எண்ணெய்ச் சுரப்பிகளும் வியர்வைச் சுரப்பிகளும் உண்டு. இவ்வளவு சுரப்பிகள் இவ்வளவு சின்ன இடத்தில் இருந்தால், ஒன்று அடைத்துக்கொள்வதும் ஒன்றில் சீழ் பிடிப்பதும் சகஜம்தானே? ஆகவே இமையில் வருகிற கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை ஆபத்தில்லாதவை. முதலில் அவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

வலிக்கிற கட்டியும் வலிக்காத கட்டியும்

முதலாவது, நாம் கண்கட்டி என்று சொல்கிற ஸ்டை. இமை ஓரத்தில் மயிர்க்காலை ஒட்டிச் சிவந்து, வீங்கி, தொட்டால் உயிர் போகிற மாதிரி வலிக்கும். தோலில் சாதாரணமாகவே வாழ்கிற ஸ்டாபிலோகாக்கஸ் என்ற கிருமி உள்ளே புகுந்து சீழ் பிடிப்பதால் வருவது. பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானே பழுத்து உடைந்து ஆறிவிடும். ஒத்தடம் போதும். தேவைப்பட்டால் டாக்டர் கிருமிநாசினிக் களிம்பு கொடுப்பார். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: பிதுக்காதீர்கள். பிதுக்கினால் சீழ் வெளியே வருவதற்குப் பதில் உள்ளே பரவலாம்.

இரண்டாவது, சலேசியன். இமையின் நடுவில், தோலுக்கு அடியில், வலியில்லாமல் உருண்டையாக இருக்கும். எண்ணெய்ச் சுரப்பியின் வாய் அடைபட்டு, உள்ளே தேங்கிய எண்ணெயைச் சுற்றி உடம்பு ஒரு வேலி போட்டுக்கொள்கிறது. இதில் கிருமி முக்கியமில்லை, அடைப்புதான் முக்கியம். ஒத்தடத்திலேயே பலருக்கு ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் கரைந்து விடும். கரையாவிட்டால் கட்டிக்குள் ஸ்டீராய்டு ஊசி போடலாம், அல்லது மரத்துப்போக ஊசி போட்டு இமையின் உள்பக்கமாகக் கீறிச் சுரண்டி எடுக்கலாம். பத்துப் பதினைந்து நிமிஷ வேலை. வெளியே தழும்பு தெரியாது. பெரிய சலேசியன் கருவிழியை அழுத்தினால் பார்வை கொஞ்சம் மங்கலாகத் தெரியும். கட்டி போனால் அதுவும் சரியாகும்.

இவை அடிக்கடி வந்தால் காரணம் தேட வேண்டும். இமை ஓரத்தில் பொடுகு மாதிரி செதிள் படிவது ஒரு காரணம். கட்டுப்படாத சர்க்கரை ஒரு காரணம். ஆகவே பெரியவர்களுக்குக் கண்கட்டி திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரையைப் பார்த்துவிடுவது நல்லது. அழுக்குக் கையால் கண்ணைத் தேய்க்கும் குழந்தைகளுக்கும் இது அடிக்கடி வரும். இரவில் மையை அழிக்காமல் படுக்கிறவர்களுக்குச் சுரப்பியின் வாய் அடைத்துக்கொள்ளும்.

ஒத்தடம் கொடுக்கும் முறை

ஒத்தடம் என்று எல்லா டாக்டரும் சொல்கிறோம், எப்படி என்று சொல்வதில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். சுத்தமான துணியைப் பொறுக்கிற சூட்டு வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, முதலில் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பாருங்கள். சுட்டால் ஆறவிடுங்கள். இமையின் தோல் மெல்லியது, எளிதில் வெந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு, ஆற ஆறத் திரும்ப நனைத்து, பத்து நிமிஷம் வையுங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. சலேசியன் என்றால் ஒத்தடத்துக்குப் பிறகு விரலால் மெதுவாக, மேல் இமையில் மேலிருந்து கீழாகவும் கீழ் இமையில் கீழிருந்து மேலாகவும், மயிர் இருக்கிற ஓரத்தை நோக்கித் தடவி விடுங்கள். உறைந்த நெய் சூட்டில் உருகுகிற மாதிரிதான் இது. இரண்டு நிமிஷம் வைத்துவிட்டு “ஒத்தடம் கேட்கவில்லை” என்று சொன்னால் எப்படி?

நம் பாட்டிமார்கள் உள்ளங்கையில் விரலைப் பரபரவென்று தேய்த்துக் கட்டியில் வைப்பார்கள். அதுவும் சூடுதானே! எண்ணம் சரி, அளவுதான் போதாது. நாமக்கட்டி விஷயம் வேறு. அது ஒரு வெள்ளை மண். குழைத்துத் தடவினால் குளுமையாக இருக்கும், ஆனால் தோலுக்கு அடியில் இருக்கிற சுரப்பிக்கு அது போய்ச் சேராது. உலர்ந்த பொடி உதிர்ந்து கண்ணுக்குள் விழுந்தால் கருவிழியைக் கீறும். நாலு நாளில் குணமானது நாமக்கட்டியால் அல்ல, நாலு நாளில் குணமாகிற வியாதி என்பதால். திருமண் நெற்றிக்கு, இமைக்கு வேண்டாம். தாய்ப்பால் விடுவது, எச்சில் தடவுவது இரண்டும் அறவே கூடாது.

வேறு சில புடைப்புகள்

மூக்கை ஒட்டிய ஓரத்தில், இமைத் தோலில் மஞ்சள் நிறத்தில் தட்டையாகப் படர்கிறது சாந்தலாஸ்மா. கொழுப்பின் படிவு. கண்ணுக்கு ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் இது வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ரத்தத்தில் கொழுப்பு கூடுதலாக இருக்கும். ஆகவே கண்ணாடியில் அதைப் பார்த்தால், ரத்தத்தில் கொலஸ்ட்ராலைப் பார்க்கச் சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இதயத்துக்கு நல்லது.

கடுகு அளவு வெள்ளை முத்துக்கள் மிலியா. நீர்க்குமிழி மாதிரி பளபளப்பாக இருப்பது வியர்வைச் சுரப்பியின் நீர்க்கட்டி. வயதானால் வருகிற தோல் தொங்கல், மரு, பிறப்பிலிருந்து இருக்கிற மச்சம் எல்லாம் உண்டு. குழந்தைகளுக்கு நடுவில் குழியோடு முத்து மாதிரி வருவது மொலஸ்கம் என்கிற வைரஸ் மரு. அது இமை ஓரத்தில் இருந்தால் கண் ஓயாமல் சிவக்கும், எடுத்துவிட்டால் சரியாகும். இவை எதற்கும் பயப்பட வேண்டாம்.

ஆனால் இமை முழுவதும் வீங்கி, ஜுரம் வந்து, கண்ணை அசைத்தால் வலித்து, பார்வை குறைந்து, அல்லது கண் முன்னால் துருத்திக்கொண்டு வந்தால், அது கட்டியைத் தாண்டிக் கண்குழிக்குள் கிருமி போன அடையாளம். முக்கியமாகக் குழந்தைகளுக்கு. விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கட்டி போல வேஷம் போடுவது

இப்போது பெரார்கஞ்ச் அம்மாளுக்கு வந்ததற்கு வருகிறேன். இமையில் வருகிற புற்றுநோய்களில் முக்கியமானவை மூன்று. முதலாவது பேசல் செல் கார்சினோமா. பெரும்பாலும் கீழ் இமையில், முத்துப் போன்ற உருண்ட ஓரத்தோடு, நடுவில் ஆறாத புண்ணாக வரும். வருஷக்கணக்கில் வெயில் பட்டதன் விளைவு. மெதுவாக வளரும், வேறு இடத்துக்குப் பரவுவது அபூர்வம். ஆனால் விட்டுவிட்டால் இருக்கிற இடத்தை அரித்துக்கொண்டே போகும். இரண்டாவது ஸ்குவாமஸ் செல் வகை. மூன்றாவது, எண்ணெய்ச் சுரப்பியில் வரும் செபேஷியஸ் கார்சினோமா.

நான் படித்த காலத்துப் பாடப் புத்தகங்கள் மேல்நாட்டில் எழுதப்பட்டவை. அங்கே வெள்ளைத் தோல்காரர்களுக்கு வரும் இமைப் புற்றுநோயில் பத்தில் எட்டு ஒன்பது பேசல் செல் வகை. எண்ணெய்ச் சுரப்பி வகை மிக அபூர்வம் என்று ஒரு பத்தியில் முடித்திருப்பார்கள். நாங்களும் அதைப் பரீட்சைக்குப் படித்துவிட்டு மறந்து போனோம். நம் நாட்டின் கதையோ வேறு. ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிலையத்தார் 536 இமைப் புற்றுநோயாளிகளைப் பற்றி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இருந்தது இந்த எண்ணெய்ச் சுரப்பி வகைதான். பேசல் செல் வகை கால் பங்கு அளவில்தான் இருந்தது. மேல்நாட்டுப் புத்தகம் அபூர்வம் என்று சொன்னது நம் ஊரில் முதல் இடத்தில் நிற்கிறது.

இதன் தந்திரமே வேஷம்தான். சலேசியன் எந்தச் சுரப்பியில் வருகிறதோ அதே சுரப்பியில் இதுவும் வருகிறது. அதே பட்டாணி அளவு, அதே வலியின்மை. மேல் இமையில் சுரப்பிகள் அதிகம் என்பதால் அங்கேதான் அதிகமாக வரும். பெரும்பாலும் ஐம்பது, அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு வரும். சில சமயம் கட்டியே இல்லாமல், ஒரு கண்ணில் மட்டும் மாதக்கணக்கில் தீராத ‘கண் சிவப்பு’ மாதிரியும் வேஷம் போடும். சொட்டு மருந்து மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே காலம் போய்விடும். இது காதுக்கு முன்னால் உள்ள நெறிகட்டிக்கும் கழுத்துக்கும் பரவக் கூடியது.

ஆகவே ஐந்து கேள்விகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த கட்டி மறுபடியும் அதே இடத்தில் வந்ததா? கட்டி இருக்கிற இடத்தில் இமைமயிர் கொட்டியிருக்கிறதா? இமையின் ஓரம் தடித்து அல்லது அரித்து, வடிவம் மாறியிருக்கிறதா? மேலே புண்ணாகி, ரத்தம் கசிகிறதா? ஒரு கண்ணில் மட்டும், இரண்டு மூன்று மாத மருந்துக்கும் அடங்காமல் இருக்கிறதா? இவற்றில் ஒன்றுக்கு “ஆமாம்” என்றால்கூட, களிம்போடு திரும்பி வராதீர்கள். பயாப்ஸி கேளுங்கள்.

பெரார்கஞ்சில் நான் பார்த்த அம்மாளுக்கு முதல் இரண்டு கேள்விகளுக்கும் ஆமாம் என்ற பதில் இருந்தது. ஒன்றை அவரே வாயால் சொன்னார், மற்றொன்றை நான் கண்ணால் பார்த்தேன்.

மன்னியின் கதை

இதை அவள் அனுமதியோடு சொல்கிறேன். முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள், என் மன்னி.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரு விசேஷத்துக்காக மாம்பலத்தில் அண்ணா ஆத்துக்குப் போயிருந்தேன். இலை போட்டுப் பரிமாறிக் கொண்டிருந்த மன்னியின் இடது மேல் இமையில் ஒரு சின்னப் புடைப்பு தெரிந்தது. என்ன என்று கேட்டேன். “ஒண்ணுமில்லை, பழைய கட்டிதான். ரெண்டு தடவை எடுத்தாச்சு, மறுபடியும் வந்திருக்கு. இதுக்குப் போய் உன்னைத் தொந்தரவு பண்ணுவானேன்னு சொல்லலை” என்றாள். எனக்குப் பாயசம் தொண்டையில் இறங்கவில்லை. “எடுத்ததை எங்கே அனுப்பினா?” என்று கேட்டேன். “அதை எங்க அனுப்பறது? பஞ்சோட சேர்த்துத் தொட்டியில போட்டா” என்றாள்.

மறுநாளே அழைத்துக்கொண்டு போனேன். அண்ணாவுக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம், நல்ல நாளும் அதுவுமாக இப்படிப் பயமுறுத்துகிறானே என்று. பயாப்ஸி பதில் வர ஒரு வாரம் ஆயிற்று. அது அதேதான். ஆனால் இமையைத் தாண்டவில்லை, நெறிகட்டி இல்லை.

கட்டியைச் சுற்றி நல்ல சதையும் கொஞ்சம் சேர்த்து எடுத்து, நோயாளி மேஜையில் இருக்கும்போதே ஓரங்களை உறையவைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்து, ஓரம் சுத்தம் என்று தெரிந்த பிறகுதான் இமையைக் கட்ட ஆரம்பித்தார்கள். மேல் இமையில் பாதிக்கு மேல் போய்விட்டதால், கீழ் இமையிலிருந்து ஒரு பகுதியை மேலே இழுத்துத் தைத்தார்கள். ஆறு வாரம் அந்தக் கண் மூடியே இருந்தது. பிறகு நடுவில் வெட்டித் திறந்தார்கள். திறந்த அன்று மன்னி முதலில் பார்த்தது அண்ணாவை. “இன்னிக்கும் ஷேவ் பண்ணிக்கலையா?” என்றாள். டாக்டர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் பெரார்கஞ்ச் நினைவு வந்து, சற்று வெளியே போய் நின்றேன்.

இன்றுவரை மன்னிக்குக் கண் இருக்கிறது, பார்வை இருக்கிறது. மார்கழியில் அவள் போடும் இழைக்கோலத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். முதலில் அரை வருஷத்துக்கு ஒரு தடவை என்று போய்க் காட்டிக்கொண்டிருந்தாள். இப்போதும் பரிசோதனையை விடுவதில்லை, ஏனென்றால் இது வருஷங்கள் கழித்தும் திரும்பக் கூடியது.

இருவருக்கும் வியாதி ஒன்று. வித்தியாசம், ஒரு கடுகளவு சதைத் துண்டு மைக்ராஸ்கோப்புக்குப் போன காலம். ஒருவருக்கு அது தாமதமாகப் போனது. மற்றவருக்குச் சரியான நேரத்தில் போனது.

தீவில் இருந்தவருக்கு மூன்று நாள் கப்பல். நமக்கு என்ன தடை? 1819-இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை நம் ஊரில் இருக்கிறது. 1978-இல் தொடங்கிய சங்கர நேத்ராலயா இருக்கிறது. மதுரைப் பக்கம் 1976-இல் பதினோரு படுக்கையோடு ஆரம்பித்த அரவிந்த் இன்று எவ்வளவு பெரிது என்று எல்லோருக்கும் தெரியும். இமைக்கென்றே தனிப் பயிற்சி பெற்ற நிபுணர்கள் இந்த மாதிரிப் பெரிய ஆஸ்பத்திரிகளில் இருக்கிறார்கள். நமக்குத் தடை தூரம் அல்ல. “கட்டிதானே” என்கிற அலட்சியமும், டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்கக் கூச்சப்படுவதும்தான்.

அந்தக் கேள்வி இதுதான். அதே இடத்தில் திரும்பி வந்த கட்டியை எடுக்கும்போது, “டாக்டர், எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்புவீர்களா?” என்று கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். அந்த அம்மாள் என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டிருந்தால் நான் அன்றைக்கே விழித்துக்கொண்டிருப்பேன். ஆனால் கேட்க வேண்டியது அவர் பொறுப்பல்ல, என் பொறுப்பு. அந்தக் கடனில் ஒரு பங்கைத்தான் இன்று உங்கள் முன் அடைக்கிறேன்.

கேள்வி பதில்

*பயாப்ஸி செய்தால் கான்ஸர் பரவிவிடும் என்கிறார்களே?*

இந்தப் பயத்தால் போன கண்கள்தான் அதிகம். இமையில் முறையாக எடுக்கிற சிறு துண்டால் நோய் பரவுகிறது என்று பயப்பட வேண்டியதில்லை. பெயர் தெரியாமல் திரும்பத் திரும்பச் சுரண்டுவதும், காலம் கடத்துவதும்தான் ஆபத்து.

*கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிட்டால் இமையின் மஞ்சள் திட்டு போய்விடுமா?*

மாத்திரை இதயத்துக்கும் ரத்தக் குழாய்க்கும். திட்டு அதனால் மறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அழகுக்காக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் திரும்ப வரவும் வாய்ப்பு உண்டு.

*பேரனுக்கு மாதம் ஒரு கண்கட்டி வருகிறது. பயப்படணுமா?*

குழந்தைக்கு நான் சொன்ன கான்ஸர் பயம் வேண்டாம். அவன் கண்ணைத் தேய்க்கிறானா பாருங்கள். கண்ணாடி தேவையா என்று ஒரு தடவை சோதியுங்கள். இமை ஓரத்தில் செதிள் இருந்தால் சுத்தம் செய்யும் முறையை டாக்டர் சொல்லித் தருவார். துண்டைத் தனியாக வையுங்கள்.

*ஆத்தில் செய்த கண்மை நல்லதுதானே?*

ஆத்தில் செய்ததாக இருந்தாலும் இமையின் உள் ஓரத்தில் இழுத்தால் சுரப்பியின் வாய் அடைக்கும். வெளி ஓரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இரவில் அழித்துவிட்டுப் படுங்கள். குழந்தைகளுக்கு வேண்டாம். சுர்மா என்று விற்பதில் ஈயம் கலந்திருப்பது உண்டு, அது யாருக்குமே வேண்டாம்.

*வெயிலுக்கு என்ன செய்வது?*

குடை, விளிம்புள்ள தொப்பி, புற ஊதாக் கதிரைத் தடுக்கிற கண்ணாடி. காலையில் மாடியில் வற்றல் காயவைக்கப் போகிற மாமிகளுக்கும் இது பொருந்தும். வெயில் முக்கியமாக மற்ற இரண்டு வகைக்குத்தான் காரணம். எண்ணெய்ச் சுரப்பி வகையை வெயிலை மட்டும் வைத்துத் தடுக்க முடியாது. அதைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான் வழி.

இன்று ஆத்துக்குப் போனதும் கண்ணாடி முன் நின்று, உங்கள் இமையையும் ஆத்துப் பெரியவர்கள் இமையையும் நல்ல வெளிச்சத்தில் ஒரு தடவை பாருங்கள்.